கல்லு மணியமும் ஒரு வாளித் தண்ணீரும்

தம்பிகளா, டயர் கடையில் சேர்ந்த மூன்றாம் நாளே காற்றடிக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. கோபப்படாதீர்கள். எட்டு வருடம் காற்றுக் குழாயைப் பிடித்த பிறகும் எனக்கும் ஒன்றும் தெரியாமல்தான் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஓர் அம்மாவின் இடுப்பு போக வேண்டியிருந்தது. என் கல்யாணமும் கூடவே போகப் பார்த்தது.

ஜாக்கி வைப்பது, சக்கரம் கழற்றுவது, ஓட்டை ஒட்டுவது எல்லாம் உங்கள் கடையில் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. காற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதால் எவனும் அதை மதிப்பதில்லை.

ஈப்போவில் நான் வேலை செய்த கடையில் என் பெயர் கல்லு மணியம். நான் காற்றடித்தால் டயர் கல்லு மாதிரி நிற்கும். டாக்சிக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள். "கல்லு எங்கலா? அவன் அடிச்சாத்தான் நிக்கும்" என்று குழாயடியில் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அது சரிதான். நான்கு பேர் ஏற வேண்டிய டாக்சியில் ஏழு பேரை ஏற்றி, பின்னால் அரிசி மூட்டையும் வைத்து, சில நாள் மூட்டைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டையும் கட்டிக்கொண்டு எஸ்டேட்டுக்குள் போவார்கள். அந்தச் சுமைக்குக் கல்லுதான் வேண்டும். நான் என்ன செய்தேன்? டாக்சிக்கு அடித்ததையே எல்லாருக்கும் அடித்தேன். வாத்தியார் காடி (காரைக் காடி என்றுதான் சொல்வோம்), எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி காடி, கோயிலுக்கு மட்டும் வெளியே எடுக்கிற காடி, எல்லாம் எனக்கு ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் கடைக்கு ரேடியல் டயர் நிறைய வர ஆரம்பித்தது. அதுவரை போட்ட பழைய வகை டயருக்குப் பக்கச் சுவர் விறைப்பாக நிற்கும். ரேடியலுக்குப் பக்கச் சுவர் மெல்லியது. காற்று சரியாக இருந்தாலும் தரையைத் தொடுகிற இடத்தில் தொப்பை மாதிரி கொஞ்சம் பிதுங்கும். அது அதன் பிறவிக் குணம். அந்தத் தொப்பைதான் பள்ளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறது. இது எனக்குத் தெரியாது. ஈப்போவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தொப்பையைக் கண்டால் காற்று இறங்கிவிட்டது என்று நினைத்து, தொப்பை மறைகிறவரை அடிப்போம். பிறகு கட்டைவிரலால் ஓர் அழுத்து. விரல் வலித்தால் வேலை முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். பெண்ணின் பெயர் சரோஜா. ஈப்போவில் ஒரு தையல் கடையில் வேலை. அப்பா தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன். பேராக் மாநிலத்தில் கொஞ்சம் கோணலாகப் பேசினாலே "உன்னய தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்பார்கள். அவர் அதைக் கேட்டுச் சலித்துப்போய், "எல்லாரும் பயப்படுற எடத்துலேருந்து நா தெனமும் சாயங்காலம் திரும்பி வாரேன்லா, உங்கள விட நா தெளிவு" என்பார். அவரிடம் ஒரு பழைய காடி இருந்தது. அதைப் பிள்ளையைத் துடைப்பதுபோலத் துடைப்பார். அம்மா எஸ்டேட்டில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியவர். முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற பிறகு குடும்பம் டவுனுக்கு வந்துவிட்டது. தோளில் காவடித் தண்டு மாதிரி காண்டா கம்பும் அதன் இரண்டு பக்கமும் பால் வாளியுமாக இருபது வருடம் நடந்ததில் இடுப்பு தேய்ந்துபோயிருந்தது. வாய் மட்டும் தேயவில்லை.

மாமா, அதாவது சரோஜாவின் அப்பா, நான்கு புது ரேடியல் டயர் போட எங்கள் கடைக்கே வந்தார். வருங்கால மாமனார் காடி. விடுவேனா? வேறு யாரையும் தொடவிடாமல் நானே மாட்டினேன். நானே காற்றடித்தேன். நாலிலும் தொப்பையே இல்லை. முப்பத்தெட்டு பவுண்டு அழுத்தம் ஏற்றியிருந்தேன். அந்தக் காடிக்கு இருபத்தைந்தைச் சுற்றித்தான் போயிருக்க வேண்டும்.

மாமா உதைத்துப் பார்த்தார். "சும்மா கிண்ணுன்னு நிக்குதுலா" என்றார். நான் சிரித்தேன். முட்டாள்.

அடுத்த வாரம் மாசி மகம். லூமுட் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போவார்கள். சரோஜாவின் அம்மா என்னையும் கூட்டிவரச் சொன்னார். மாப்பிள்ளையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். நான் முன்னால் மாமா பக்கத்தில். பின்னால் அம்மாவும் சரோஜாவும். வழியெல்லாம் நான் டயரைப் பற்றியே பேசினேன். பின்னால் இருந்து பேச்சே வரவில்லை. அடக்கமான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

லூமுட்டில் கதவைத் திறந்தால் அம்மா இறங்கவில்லை. இறங்க முடியவில்லை. சரோஜா ஒரு கையையும் மாமா ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். பாதி வளைந்த நிலையிலேயே நின்று என்னைப் பார்த்தார்.

"இதுதான் டயருக்காரப் பையனா?"

"ஆமா அத்தை."

"என்னா டயருலா போட்ட? ஒவ்வொரு குழியும் என் முதுகுல ஏறி எறங்குச்சு."

"சடக்கு மோசம் அத்தை, ரோடெல்லாம் குழி. டயரு புத்தம் புதுசு."

"ஷாக் அப்சர்பர் போயிருக்கும்" என்று மாமா எனக்காகப் பேசினார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே, நல்லாத்தானே ஓடுச்சு?"

அப்போது சரோஜா முதல் தடவையாகப் பேசினாள். "போன மாசம் இதே காடி, இதே சடக்கு. அம்மாவுக்கு ஒண்ணும் ஆகல. டயரு மாத்துன பொறவுதான் இப்படி."

இதைவிடத் தெளிவாக எந்த மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. நான் கேட்டேனா? தையல் கடைப் பெண்ணுக்கு டயரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன்.

"எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார் அம்மா. பாங்கோர் தீவுக்குப் போகிற படகுக்கு நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஒரு மணி நேரத்துல என் இடுப்ப ஒடிச்சவன், என் மவள ஆயுசு முழுக்க எப்படி வச்சிக் காப்பாத்துவான்?"

எனக்குச் சுரீரென்று ஏறியது. நான் என்ன சூனியமா வைத்தேன்? காற்றுத்தானே அடித்தேன்? சட்டைப் பையில் எப்போதும் காற்று மீட்டர் இருக்கும். எடுத்து டயரில் வைத்தேன். நாற்பத்துமூன்று காட்டியது. எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. சரி, குறைத்தால் முடிந்தது என்று அந்த வெயிலிலேயே உட்கார்ந்து, நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கி இருபத்தாறுக்குக் கொண்டுவந்தேன். எழுந்து, "இப்பப் பாருங்க" என்றேன். பெரிய வித்தைக்காரன்.

இரண்டாவது முட்டாள்தனம் அது. ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். சூட்டில் காற்று கூடுதலாகக் காட்டும். சூட்டில் வைத்த இருபத்தாறு, ஆறிய பிறகு இருபத்திரண்டாக இறங்கிவிடும். கடலில் கும்பிட்டு, கட்டுச்சோறு சாப்பிட்டு, நிழலில் படுத்து எழுந்து புறப்படும்போது டயர் நன்றாக ஆறியிருந்தது.

அம்மா ஒரு கட்டளை போட்டார். "சரோஜா, நீ முன்னால ஏறு. தம்பி, நீ வா, என் பக்கத்துல உக்காரு. நா பட்டத நீயும் படு."

முதல் பத்து நிமிடம் பஞ்சு மெத்தை. நான் அம்மாவைப் பெருமையாகப் பார்த்தேன். பிறகு வளைவுகள் வந்தன. காடி ஒவ்வொரு வளைவிலும் படகு மாதிரி சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. மாமா ஸ்டியரிங்கைத் திருப்புவார், அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பும். பாதி வழியில் அம்மா வாயைப் பொத்தினார். ஜன்னல் என் பக்கம்தான் திறந்திருந்தது. அவர் எட்டிப் பார்த்தார், எட்டவில்லை. புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தேன். இதற்கு மேல் எழுதவில்லை.

துடைத்துக்கொண்டே அம்மா சொன்னார். "போகும்போது இடுப்ப ஒடிச்சான். வரும்போது கொடலப் பெரட்டுறான். இவன் டயரு கடையில இருக்கானா, இல்ல யாராச்சும் நம்மள ஒழிக்க அனுப்பி வச்சாங்களா?"

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, எங்க வார்டுல ஒரு கட்டில் காலியாத்தான் இருக்கு."

மறுநாள் கடையில் என் மூஞ்சியைப் பார்த்ததும் தவுக்கே கூப்பிட்டார். எங்கள் சீன முதலாளி. பெயர் வேண்டாம், உயிரோடு இருந்தால் அவருக்குப் பிடிக்காது. எஸ்டேட் கடையில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேசுவார், மரியாதை மட்டும் அதில் சேர்ந்து வரவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். சட்டைக் கதை வந்ததும் ஐந்து நிமிடம் சிரித்தார். பிறகு பனியனைத் தூக்கினார்.

"குத்து."

"என்னா தவுக்கே?"

"என் வயித்துல குத்துலா."

பெரிய தொப்பை. மெதுவாகக் குத்தினேன். கை உள்ளே போய் வந்தது.

"இப்ப உன் நெஞ்செலும்புல நீயே குத்து."

குத்தினேன். வலித்தது.

"வயிறு எதுக்கு இருக்குன்னு தெரியுதா? பொடோ, முட்டாளே. நீ எல்லா டயரு வயித்தையும் எலும்பு ஆக்குற. அந்த அம்மாவுக்கு வலிக்காம என்னா செய்யும்?" பனியனை இறக்கினார். "சரி, காடி நல்லா ஓடுதான்னு யாருகிட்ட கேட்ட?"

"மாமாகிட்ட. அவருதான் ஓட்டுறாரு."

"ஓட்டுறவனுக்கு என்னா தெரியும்? அவன் குழியப் பாக்குறான். கையில ஸ்டியரிங் இருக்கு. குழி வந்தா உடம்பு தானா ரெடி ஆயிடும். பின்னால உக்காந்தவங்க எதையும் பாக்கல, எதையும் புடிக்கல. அடி அவங்களுக்குத்தான். போயி அவங்ககிட்ட கேளு."

பிறகு இன்னும் ஒன்று சொன்னார். டயர் நடக்கிறதுக்கு முன்னால் அள, காலையில் அள, நடந்த பிறகு அதன் பேச்சை நம்பாதே என்றார். அவ்வளவுதான் பாடம். அன்று முழுக்க என்னைக் காற்றுக் குழாய்ப் பக்கமே விடவில்லை. வாசல் கூட்டச் சொன்னார். எட்டு வருட அனுபவத்தோடு வாசல் கூட்டினேன்.

அந்த வாரமே சரோஜா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது, இன்னொரு தடவை பார்க்க விடுங்கள் என்றேன். அம்மா பின்கட்டுக்குப் போய், ஒரு பழைய பால் வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். தோட்டத்தை விட்டு வரும்போது அதை விடாமல் எடுத்து வந்திருக்கிறார்.

"இதுல பாலு நெறைய எடுத்துக்கிட்டு மேட்டுலயும் பள்ளத்துலயும் நடந்திருக்கேன். ஒரு சொட்டு சிந்துனதில்ல. சிந்துனா வேல வாங்குற மண்டோர் வாயில விழணும். வார ஞாயித்துக்கிழம பழைய தோட்டத்துக் கோயில்ல பூச. பீடோர் போற வழியில, பாதி தூரம் செம்மண் சடக்கு. வாளியில மேல மூணு விரக்கட வுட்டுத் தண்ணி புடிப்பேன். சரோஜா மடியில வச்சிக்கிட்டுப் பின்னால உக்காரட்டும். நாளைக்கு உன்கூட வரப்போறவ அவதானே? சிந்தாமப் போயிச் சேந்தா தேதி பாக்கலாம். சிந்துனா நீ உன் வழியப் பாத்துக்க."

மாமா, "காடிக்குள்ள தண்ணியா? என் சீட்டு?" என்றார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

ஞாயிறு விடிந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் நான் இருந்தேன். இஞ்சினை யாரும் இன்னும் தொடவில்லை, டயர் சில்லென்று இருந்தது. முன்னால் இருபத்துநான்கு, பின்னால் இருபத்தெட்டு வைத்தேன். நாலு டயரிலும் அழகாகத் தொப்பை. மாமா காப்பிக் குவளையோடு வந்து பார்த்து முகம் சுளித்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அவர்கள் காடியில். நான் என் மோட்டார் சைக்கிளில் பின்னால். அம்மா முன் சீட்டில். பின் சீட்டில் சரோஜா, மடியில் வாளி. என்னால் பார்க்க முடிந்தது அவளுடைய பின்னந்தலையும் இரண்டு பின் டயரும்தான்.

தார் ரோடு முடிவதற்கு முன் ஒரு பெட்ரோல் நிலையம். மாமா உள்ளே திருப்பினார். எண்ணெய் போடத்தான் என்று நினைத்தேன். இறங்கியவர் நேராகக் காற்றுக் குழாயை எடுத்தார்.

"மாமா, என்னா செய்றீங்க?"

"காத்து எறங்கிருச்சு தம்பி. பாரு, எப்படிப் பிதுங்குது! செம்மண்ணுல ஏறுறதுக்கு முன்னால கொஞ்சம் அடிச்சிடுவோம்."

எண்ணெய் போடுகிறவரும் வந்து குனிந்து பார்த்தார். "ஆமாண்ணே, நல்லா எறங்கியிருக்கு. இப்படியே போனீங்க, ரிம்மு போயிரும்."

தம்பிகளா, இந்த இடத்தில் நின்று கேளுங்கள். ஒரு பக்கம் மாமனார், காடி அவருடையது. இன்னொரு பக்கம் சீருடை போட்ட ஆள். முன் சீட்டில் அம்மா கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கிறார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே ஏதாவது டயரில் ஆணி ஏறியிருந்தால்? கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மீட்டரை வைத்தால் சூட்டில் கூடுதலாகத்தான் காட்டும். காட்டினால் லூமுட்டில் செய்ததுபோல மறுபடி பிடுங்கத் தோன்றும். கையை வெளியே எடுத்தேன். காடியைச் சுற்றி ஒரு தடவை மெதுவாக நடந்தேன். ஆணி ஏறியிருந்தால் ஒரு தொப்பை மட்டும் பெருத்திருக்கும். முன் இரண்டும் ஒரே மாதிரி. பின் இரண்டும் ஒரே மாதிரி. விடியலில் பார்த்த அதே தொப்பை.

அதற்குள் மாமா வால்வு மூடியைக் கழற்றிவிட்டார்.

"மாமா! அந்தக் குழாய டயருல வச்சீங்க, எனக்கு உங்க பொண்ணே வேணாம், நா இப்படியே வீட்டுக்குப் போறேன்!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. பெட்ரோல் நிலையத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். வாளிக்கு மேலே சரோஜாவின் கண் இரண்டும் பெரிதாகிவிட்டன. மாமா குழாயைப் பிடித்தபடி, எந்த வார்டு சரியாக இருக்கும் என்று கணக்குப் போடுவதுபோல என்னைப் பார்த்தார்.

அம்மாதான் பேசினார். "குழாய வைங்க. அவன் வேலைய அவன் செஞ்சிருக்கான். சிந்துனா அவனக் கேட்டுக்கலாம். நீங்க கைய வச்சிட்டா அப்பறம் யாரக் கேக்குறது?"

மாமா வைத்தார். மூடியை நான் திருகினேன். அது மூன்று தடவை வழுக்கியது.

செம்மண் சடக்கில் முப்பது நிமிடம். புழுதி என் வாயிலும் மூக்கிலும். லாரி உழுத பள்ளங்கள், மழை அறுத்த வரப்புகள். ஒவ்வொரு பள்ளத்திலும் பின் டயர் அழுந்தி எழுவதைப் பார்த்தேன். பின்னந்தலை ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு பாலத்தில் ஏறும்போது மட்டும் அது ஒரு துள்ளுத் துள்ளியது. என் நெஞ்சும் துள்ளியது.

கோயில் வாசலில் நின்றோம். சரோஜா வாளியோடு இறங்கினாள். முந்தானையை இழுத்து முன்பக்கம் நன்றாகச் சுற்றியிருந்தாள்.

"ஒரு சொட்டுகூட சிந்தலம்மா."

அம்மா வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். மாமா, "பாத்தியா, நா ஓட்டுன ஓட்டு அப்படி!" என்றார்.

நான் பின் கதவைச் சாத்தப் போனேன். பழக்கத்தில் சீட்டில் கை வைத்தேன். ஈரம். சொட்டு இல்லை, ஒரு கை நிறைய.

சரோஜா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குக் கல்யாணம். திரும்பிப் போகும்போது வாளி இருக்காது, வழக்கம்போல அந்தப் பின் சீட்டில் அந்த அம்மாதான் உட்கார வேண்டும், அதே பாலம், அதே இடுப்பு. கஸ்டமர் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால் நாம் சும்மா இருந்துவிடலாமா? நீங்கள் இருந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு வரைக்கும் நானும் அப்படித்தான்.

"அத்தை, சீட்டு ஈரமா இருக்கு" என்றேன். "தண்ணி சிந்தியிருக்கு. பாலத்துல. பின்னால எனக்கு ரெண்டு கூடிப்போச்சு. இருபத்தாறு போதும்."

சரோஜா தலையில் அடித்துக்கொண்டாள். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள், உனக்காக நனைந்து உட்கார்ந்து வந்தவளைக் காட்டிக்கொடுத்தவன் நீ என்று.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, சிந்திருச்சு. இப்பக் கொறச்சிடு. பூச முடிஞ்சி போகும்போது எனக்கு நல்லா இருக்கும்ல?"

அவர் கேட்டது அவருடைய இடுப்புக்காகவா, என்னைச் சோதிக்கவா, தெரியவில்லை. குறைத்துவிட்டால் அவர் முகம் மலரும். மீட்டர் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இப்ப முடியாது அத்தை. டயரு சூடா இருக்கு. இப்பக் கொறச்சா லூமுட்டு மாதிரிதான் ஆகும். போகும்போது நீங்க முன்னாலயே உக்காருங்க. காலையில ஆறின பொறவுதான் கொறைக்கணும்."

"காலையிலயா?"

"ஆமா அத்தை. நாளைக்குக் காலையில."

அம்மா வாளியைத் தூக்கி, மீதித் தண்ணீரைக் கோயில் வாசல் செம்பருத்திச் செடியில் ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

"அப்ப நாளைக்கு வீட்டுக்கு வா" என்றார். "வந்து கொறச்சிட்டு, பசியாறிட்டுப் போ."

மறுநாள் விடிந்ததும் போனேன். டயர் நன்றாக ஆறியிருந்தது. தோசை சூடாக இருந்தது.